சுவரில் சாத்திய மெத்தை

எங்கள் பக்கத்தில் மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட வேண்டும். அப்பா இல்லாவிட்டாலும் அம்மா ஒரு குறையும் வைக்காமல் எழுதிக் கொடுத்தார். வீடு என்றால் ஒரு ஹோல், ஒரு அறை, பின்னால் தகரம் இறக்கித் தாழ்வாரம்போல் ஒரு பத்தி, அவ்வளவுதான். அறை அக்காவுக்கும் அத்தானுக்கும் போனது. ஹோல் மூலையில் அம்மாவின் கட்டில் கிடந்தது.

எனக்கு ஒன்பது வயதில் அத்தான் கட்டாரில் வேலையை விட்டு அடியோடு திரும்பி வந்தார். கூடவே ஒரு அம்பிளிபயரும் இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டும் வந்தன. பாட்டுக் கேட்பதற்கென்றே அங்கே பணக்காரர்கள் தனி அறை கட்டுவார்களாம். எங்களுக்கு ஏது அறை? ஹோலையே அப்படி ஆக்கிக் காட்டுகிறேன் என்று அத்தான் இறங்கினார்.

சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர். பாட்டைப் போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. மூலைக்கு மூலை கைதட்டி எதிரொலி பார்க்கும் வேலையை அத்தான் எனக்குத் தந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் கட்டிலடியில் தட்டினேன். சத்தம் அப்படியே அடங்கிப்போனது.

“அத்தான், இஞ்சதான் நல்லம்!” என்று கத்தினேன்.

உட்கார்ந்து கேட்கக் கதிரை போடுவதற்கு அந்த இடம் அவருக்குப் பிடித்துப்போனது. கட்டில் பத்திக்குப் போனது. “ரெண்டு நாளைக்குத்தானேம்மா, மறுகா பாப்பம்” என்றாள் அக்கா. பெற்ற மகள்! “ஓம் மகன், உங்களுக்கு எது வசதியோ செய்யுங்க” என்று அம்மா அத்தானிடம் சொன்னார்.

கட்டில் போனதும் அந்த மூலையிலும் எதிரொலி வந்துவிட்டது. சத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது கட்டிலில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தை என்று அத்தான் கண்டுபிடித்தார். உடனே மெத்தையை மட்டும் திரும்பக் கொண்டுவந்து கதிரைக்குப் பின்னால் சுவரோடு சாத்தினார். அதன்பிறகு வீணைத் தந்தியில் விரல் உராய்வதுகூடக் கேட்டது. ஊரே வந்து கேட்டு வாய்பிளந்தது. நானும் ஹோலிலேயே படுத்துக்கொண்டேன்; மின்விசிறி அங்கேதான் இருந்தது.

மாரி தொடங்கிற்று. வாவிக் காற்று தகரத்துக்கும் சுவருக்கும் இடையால் பத்திக்குள் அடித்தது. அம்மா வெறும் கட்டில் பலகையில் பாயை விரித்து, இருமிக்கொண்டு கிடந்தார். அத்தானிடம் நேரே கேட்க மாமியாருக்கு வாய் வரவில்லை. ஒருநாள் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே என்னிடம் மெல்லக் கேட்டார்.

“மெத்தைய எப்பவாம் புள்ள தருவாரு?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைக் கெடுக்கப் பார்க்கிறாரே!

“மெத்தைய எடுத்தாப் பாட்டெல்லாம் கெட்டுப்போகும்மா. உங்களுக்கு ஒண்டும் விளங்காது.”

அம்மா என்னிடமிருந்து வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டார்.

“ஓம் புள்ள. அப்ப அது அங்கயே இருக்கட்டும்.”

அன்றைக்குப் பிறகு அவர் மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவழியாக அம்மாவுக்கும் விஷயம் விளங்கிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.