லாரிதான், அம்மா

எங்கள் வீட்டுக்கும் அரிசிக் கிடங்குக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். கொச்சி மட்டாஞ்சேரியின் அந்தச் சந்தில் லாரி திரும்ப இடம் கிடையாது. பின்புறமாகவே ஊர்ந்து வந்து கிடங்கு வாசலில் நிற்கும். அப்போதெல்லாம் எங்கள் அடுக்களை அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும், ஜன்னல் கம்பி அதிரும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் யாரும் தலைநிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம்.

அதனால்தான் இரண்டாயிரமாம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாள் காலை பூமி நிஜமாகவே அதிர்ந்தபோது, அது பூமி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா நகரசபையில் குப்பை லாரி ஓட்டுகிறவர். பற்பசை நுரையோடு வாசலுக்கு ஓடி, "கண்ணு தெரியல்லியாடா? செவுத்துல கொண்டு இடிக்கிறியா?" என்று கத்தினார். சந்தில் லாரியே இல்லை. அதே லாரியைத் திட்டுவதற்காக இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்களும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். அம்மா என் பின்னால் வந்து, தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் வீட்டுப் பேச்சில் மெல்லக் கேட்டாள்.

"லாரி இல்லேன்னா, பின்னெ இது எந்தா மோளே?"

என்னைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நான் அப்போது பி.எஸ்ஸி. ஜியாலஜி கடைசி வருடம். ஆசைப்பட்டுச் சேர்ந்த படிப்பு அல்ல. மற்ற வகுப்புகளில் இடமில்லை, இதில் இருந்தது, அவ்வளவுதான். மட்டாஞ்சேரிக்காரி பாறையைப் பற்றிப் படிப்பதே ஒரு கூத்து. எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் ஆறு கொண்டுவந்து போட்ட சேறும், கடல் கொண்டுவந்து போட்ட மணலும், கொஞ்சம் சிப்பியும்தான். வீட்டிலிருந்த கல் என்றால் ஒரு ஆட்டுக்கல், ஒரு துவைக்கிற கல். இரண்டும் கிழக்கே மலைப்பக்கத்திலிருந்து வந்தவை. கல்லூரி ஆய்வகத்தில் எண்ணெய் தடவியது போலக் கறுத்து மினுங்கிய சார்னோக்கைட் பாறையைக் கையில் எடுத்த அன்றுதான், எங்கள் ஆட்டுக்கல்லும் அதுதான் என்று புரிந்தது. ஓட்டமாக வந்து, "அம்மா, இது பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல வெந்து உருவான கல்லு, பல கோடி வருஷம் வயசு" என்றேன். "அதான் கொத்த வேண்டியிருக்கு, மாவே அரைய மாட்டேங்குது" என்றாள்.

ஆனால் அந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப் போய்விட்டது. சென்னையில் எம்.எஸ்ஸி. சேர வேண்டும், மலைகளில் அலைந்து வேலை பார்க்க வேண்டும், தண்ணீரும் பாலமும் சூழ்ந்த இந்த ஊரைவிட்டு எப்படியாவது வெளியே போக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருடம் வேறு நினைப்பே இல்லை. அப்பாவும் சரி என்றுதான் சொல்லியிருந்தார்.

அம்மாவின் கேள்விக்கு வருவோம். பூமி ஏன் அதிர்ந்தது என்று விளக்க உட்கார்ந்தேன். ஆறிய கஞ்சியின் மேல் ஆடை படர்கிறதல்லவா, அதுபோலப் பூமியின் மேல்தோடு. அது ஒரே துண்டாக இல்லை, பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. நம் நாடு இருக்கிற தட்டு காலங்காலமாக வடக்கே நகர்ந்து போய் இடித்ததில்தான் இமயமலை எழும்பியது. அந்த நெருக்கலில் எப்போதாவது இங்கேயுள்ள பழைய வெடிப்பு ஒன்றும் லேசாக அசையும் என்றேன். என் ஆசிரியர் கேட்டிருந்தால், அடியில் இருப்பது கஞ்சியல்ல, கெட்டிப் பாறைதான் என்று தலையில் குட்டியிருப்பார். அம்மாவோ முகம் வெளுத்துப் போய், "அப்போ நாம கஞ்சி மேலயா குடியிருக்கோம்?" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே டிவியில் எந்த நாட்டு எரிமலையையோ காட்டித் தொலைத்தார்கள். இங்கே எரிமலை வராது, அதற்கான இடம் இது இல்லை என்று தொண்டை வறள எடுத்துச் சொன்னேன். அது ஒன்றைத்தான் நம்பினாள்.

"இனியும் குலுங்குமா?"

"எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. வந்தாலும் இதவிடச் சின்னதாத்தான் வரும்."

புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். பெரும்பாலும் அப்படித்தான் என்று சேர்த்திருக்க வேண்டும், சேர்க்கவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் அது வந்தது. முந்தையதைவிடச் சின்னதாகவே வந்தது. அன்றோடு என் கதை முடிந்தது. என் மகள் சொன்னாள், சொன்னபடியே நடந்தது என்று அம்மா சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். அங்கங்கே கிணறு உள்வாங்குகிறது என்று பத்திரிகைகளில் வர ஆரம்பித்திருந்த சமயம். கிணற்றில் தண்ணீர் கலங்கினால்கூட என்னிடம் வந்து கேட்டார்கள். அதே மாதக் கடைசியில் குஜராத்தில் பெரிய பூகம்பம். இடிந்த வீடுகளை டிவியில் பார்த்தபோது அம்மா அழவில்லை. எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பிடி எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் உள்ளே இருந்தால்தான் அவள் உள்ளே வருவாள். நான் கல்லூரிக்குப் போனால் வாசல்படிக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். அரிசி களைவதும் காய் நறுக்குவதும் அங்கேயே. நான் வந்த பிறகுதான் உலை வைப்பாள். எனக்கு வேலை ஒன்றுதான். லாரி வரும், டம்ளர் கிணுகிணுக்கும், அம்மா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"மோளே, இதா?"

"லாரிதான், அம்மா."

ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்று கிடங்குக்காரருக்குத் தெரியுமோ இல்லையோ, எனக்குத் தெரியும். வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். லாரி என்றால் அதிர்வு மெல்ல ஏறி மெல்ல அடங்கும், டீசல் நாற்றம் வரும். பூமி என்றால் முதலில் ஒரு உறுமல், உடனே ஒரு உதறல். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். அடுத்த லாரிக்கு மூக்கை உறிஞ்சிவிட்டு, "டீசல் மணக்கல்லியே?" என்பாள். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிடும். எந்தப் படிப்பு என்னை இங்கிருந்து கொண்டுபோகும் என்று நம்பினேனோ, அதையே கயிறாகத் திரித்து என் காலில் கட்டியாகிவிட்டது. கோலம் போடுவதைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ படித்திருந்தால் என்னை யார் தேடப் போகிறார்கள்?

சென்னையில் இடம் கிடைத்துவிட்டது. சேர வேண்டிய தேதியைச் சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. "போய்க்கோ மோளே" என்றாள். நான் ரயில் டிக்கெட் எடுத்து வந்த அன்று, பாயைச் சுருட்டிக்கொண்டுபோய் வாசல்படியில் விரித்தாள். ஜூன் மாத மழை. மேலே இருந்த ஓட்டுச் சரிவு அவள் தலையை மட்டும்தான் மறைத்தது. குடையைக் காலுக்குப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். "நீ போனப்புறம் எப்படியும் இங்கதானே இருக்கணும், இப்பவே பழகிக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒரு வருஷம் கழிச்சுப் போனா எந்தா? கல்லு எங்க ஓடிப் போவுது?"

கல் ஓடிப் போகாதுதான். டிக்கெட்டை ரத்து செய்யப் போனது அப்பாதான். திரும்பி வரும்போது எனக்குப் பிடித்த பழம்பொரி வாங்கி வந்தார். தொடவே பிடிக்கவில்லை.

ஓணத்துக்குள் அம்மா சரியாகிவிட்டாள். எப்படி என்று தெரியவில்லை, பயம் வந்த மாதிரியே போய்விட்டது. மத்தியானம் சுவரோரமாகப் படுத்துக் குறட்டைவிட்டாள். லாரி வந்தால் பழையபடி திட்டினாள். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அப்பாவுக்கு முதுகுவலி, வேலைக்குப் பாதி நாள்தான் போக முடிந்தது. நான் வீட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். அதற்கடுத்த வருடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, தட்டுகள் விலகும், மோதும், உரசும் என்று ராகம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். மடகாஸ்கர் ஒரு காலத்தில் நம் கரையோடு ஒட்டியிருந்தது, பிறகு பிரிந்துவிட்டது என்று சொல்லும்போதெல்லாம் அந்தத் தீவின் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, கேபிள் இருந்த எங்கள் வீட்டில்தான் பெண்கள் கூடியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கரையிலும் கடல் ஏறிவிட்டதாகச் செய்தி. எல்லோரும் "பேடி, பேடி" என்று பயந்து போயிருந்ததால், கடலுக்கு அடியில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே சொருகும் இடத்தைப் பற்றி, அங்கே ஏன் இப்படி நடந்தது என்பதைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்கு அந்த வருடம்தான் குடிவந்திருந்த மலையாளத்துச் சேச்சி ஆச்சரியப்பட்டு, என்னை ஏன் மேலே படிக்க அனுப்பவில்லை என்று அம்மாவிடம் கேட்டார்.

"இத்ர விவரமுள்ள குட்டியெ எந்தா மேல படிக்கான் விடாஞ்ஞது?"

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"மெட்ராஸ்ல சீட்டு கெடச்சது சேச்சி. இவளுக்குத்தான் பேடி. அந்தக் குலுக்கம் வந்தப்புறம் என்ன விட்டு ஒரு அடி நகர மாட்டா. லாரி வந்தாலே மொகம் மாறிடும் பாவத்துக்கு. எப்படி அனுப்பறது?"

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அவளுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. அப்பா அறையின் மூலையில் உட்கார்ந்து, கையிலிருந்த சாயாவைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

சேச்சி பரிதாபத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"சத்யமாணோ மோளே? அத்ர பேடியாயிருந்தோ?"

அம்மாவும் இப்போது திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமா சேச்சி" என்றேன். "ரொம்பப் பேடி."