மூன்று டயலும் கவுனாக்கின் கோபமும்

அந்தத் தையல் மெஷினைத் தூக்கி வெளியே பனியில் எறிய வேண்டும் போலிருந்தது கவுனாக்குக்கு. எறிந்தும் இருப்பாள். வியாழக்கிழமை மதிய விமானத்தில் அப்பா வருகிறாரே என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பெயர் கிலாபக். போன அக்டோபரில் தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். கூட ஒரு சொந்தம் இல்லை, நம் மொழியில் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. ஊருக்குப் பெட்டியில்தான் வந்து சேர்ந்தார். இப்போது தங்கை உலாயுவுக்கு ஆண் குழந்தை பிறந்து, அதற்கு அவர் பெயரை வைத்தாயிற்று. பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதான், அதில் வடதுருவப் பக்கத்து இந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கவுனாக்குக்கு அது தங்கை பிள்ளை இல்லை, அப்பா.

உலாயு பெற்றதும் தெற்கேதான். பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பெண்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள், என்னவோ இந்த மண்ணில் இதுவரை ஒரு பிள்ளையும் பிறக்காதது போல. கவுனாக்குக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். சரி, பிறந்ததுதான் அங்கே என்றாயிற்று. ஊருக்குள் வருவதும் ஆஸ்பத்திரிப் போர்வையில் சுற்றிக்கொண்டா? முதுகில் பிள்ளைப் பை வைத்த அமௌத்திக் கோட்டில் அல்லவா வரவேண்டும்! அதுவும் பிப்ரவரிக் குளிரில்.

குழந்தை முந்திக்கொண்டு பிறந்ததில் அவள் கையில் இருந்ததே மூன்று நாள். கையால் தைத்தால் வாரம் ஓடிவிடும். கைப்பிடி சுற்றுகிற பழைய மெஷினோ ஜனவரியிலேயே பல்சக்கரம் உடைந்து போயிருந்தது. புருஷன் ஜோனசி விலைப்பட்டியலைப் பார்த்துப் புதிது ஒன்று வரவழைத்திருந்தான். அதில் மூன்று டயல். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, தலையில் ஒன்று. கூட வந்த புத்தகத்தில் ஏழு மொழி இருந்தது, நம் மொழி மட்டும் இல்லை. கவுனாக் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டம் காட்டிய மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தாள்.

பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் நம் வழக்கம். வளர்ந்த பொம்பளை இன்னொருத்தி வீட்டுக் கதவைத் தட்டி, இது எப்படி அது எப்படி என்று கேட்டால் ஊர் சிரிக்கும். அதனால் திருகித் திருகிப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். இடப்பக்கத்து டயல் நூலை இறுக்குகிறது, வலப்பக்கத்தது தையலைப் பொடிசாக்குகிறது. இவ்வளவுதானே என்று முதலாவதை முட்டும்வரை இறுக்கினாள், இரண்டாவதைச் சின்ன எண்ணில் வைத்தாள். தலையில் இருந்ததை எதற்கு வம்பு என்று விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை கோட்டு முடிந்தது. தையல் எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

பிள்ளைப் பைக்குள் ஐந்து கிலோ மாவு மூட்டையை வைத்து, வாசல் அறைக் குளிரில் தொங்கவிட்டாள். புதன்கிழமை காலையில் அதை மாட்டிக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கினாள். நூல் படபடவென்று தெறித்தது, ஊசி போன வழியே துணி தபால்தலை ஓரம் போலக் கிழிந்தது. மூட்டை தரையில் விழுந்து வெடித்து, ஜோனசியின் பூட்ஸ் வரைக்கும் மாவு.

"மாமனாரை இப்படியா கீழ போடுவ?" என்றான் ஜோனசி.

அவனோடு பேசுவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். எட்டு மாதம் மைனஸ் குளிரில் கிடக்கிற ஊருக்கு இப்படி ஒரு மெஷினை விற்றவன் யார்? அவன் பிள்ளையை இதில் தைத்த கோட்டில் சுமப்பானா? மத்தியானம் ஊர் வானொலிக்கு எல்லோரும் போன் போட்டுப் பேசுகிற நேரம். இவளும் போட்டாள். கேட்கவில்லை, திட்டினாள். டயலைத் திட்டினாள், செய்தவனைத் திட்டினாள், வாங்கிக் கொடுத்தவனைத் திட்டினாள். எந்த டயலை எங்கே வைத்தாள் என்பதையும் அந்த வேகத்தில் கொட்டிவிட்டாள்.

அடுத்த போன் ரகிலியிடமிருந்து. ஒன்றுவிட்ட சகோதரி. தோல் பூட்ஸ் தைப்பதில் இவளுக்குச் சரியான போட்டி, அவளிடமும் இதே மெஷின்.

"தோலுக்குத் தைக்கிற மாதிரி தச்சிருக்கடி நீ. தண்ணி இறங்கக்கூடாதுன்னு பொடிசா, இறுக்கமா. துணி தோல் இல்ல கவுனாக். வரிசையா ஓட்டை போட்டு நீயே கிழிச்சு வச்சிருக்க. ரெண்டையும் தளர்த்து. மேல இருக்கறது துணிய அமுக்கிப் பிடிக்கிற பாதத்தோட அழுத்தம், கம்பளிக்கு அதையும் குறைச்சிடு."

ஊரே கேட்டது. கவுனாக் ரேடியோவைப் பட்டென்று அணைத்தாள். ரகிலி சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

தையலைப் பிரித்து, கிழிந்த துண்டை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிது வைத்தாள். மூன்று டயலையும் தளர்த்தினாள். தையல் நீளநீளமாக விழுந்தது. வேறு எவளாவது இப்படித் தைத்திருந்தால் இவளே ஒரு வாரம் பேசியிருப்பாள். இன்னொரு மாவு மூட்டையை வைத்துக் குளிரில் போட்டாள். வியாழக்கிழமை காலையில் மாட்டிக்கொண்டு, வீடு அதிர எகிறி எகிறிக் குதித்தாள். ஒரு நூல்கூடப் போகவில்லை. அதற்கும் எரிச்சல் வந்தது.

விமானம் மதியம் வந்தது. உலாயு அமௌத்தியைப் போட்டுக்கொண்டாள், கவுனாக் குழந்தையைப் பைக்குள் இறக்கினாள். ரகிலி முதுகுப்பக்கம் வந்து நின்று, தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

கவுனாக் அந்தச் சின்ன முகத்துக்கு அருகே குனிந்தாள். மெஷின்மேல் கொட்டியதெல்லாம் யார்மேல் இருந்த கோபம் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"அப்பா, ஒருத்தர் கையும் பிடிக்காம அங்க தனியாக் கிடந்து போயிட்டீங்க. யாரைக் கேட்டுப் போனீங்க? இனிமே அந்தப் பக்கம் போனீங்கன்னா உங்களோட பேசவே மாட்டேன்."

"திட்டாதக்கா, தூங்குறாரு," என்றாள் உலாயு.

"தூங்கட்டும். கேக்கும்."