திடலோரக் காடும் என் வீட்டுக்காரரின் பெயரும்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று மரம், இன்னொன்று பந்து. மூன்றாவதாக நானும் எங்கோ ஒரு மூலையில் இருந்திருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அவருக்கு சைக்கிள் கடை, சாயங்காலம் எங்கள் ஊர் காஜா பெராங்கின் பந்துத் திடல். மெர்டேக்கா என்கிற சுதந்திரத்துக்கு முன்னால் எங்கள் வட்டாரத்து நகரசபை உறுப்பினர் பாதியில் விலகிப் போக, அந்த நாற்காலியில் இவரை உட்கார வைத்தார்கள். அதில் இவருக்கு வந்த ஒரே சுகம், திடலையும் அதன் ஓரத்துக் காட்டையும் கவனிக்கிற பொறுப்பு தன் கைக்கு வந்ததுதான்.

காடு என்றால் புலி கரடி உள்ள காடு இல்லை. திடலின் மேற்குப் பக்கம் தெம்புசு மரமும் காட்டு ரம்புத்தானும் நெருக்கியடித்து வளர்ந்த ஒரு துண்டு நிலம். நாலு மணிக்கெல்லாம் அதன் நிழல் பாதித் திடலை மூடிவிடும். பக்கத்துத் தெங்கேரா அணி ஆட்கள் வெயில் தாழட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில், எங்கள் ஆட்கள் ஒரு முழு ஆட்டம் பழகி முடித்திருப்பார்கள். நாங்கள் ஜெயித்த கோப்பைகளில் பாதி அந்த நிழல் வாங்கிக் கொடுத்தது என்று அவர் சொல்வார். மரத்தில் ஆணி அடித்துச் சட்டை மாட்டுகிற ஆட்டக்காரனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடம் கிடையாது. ஒருநாள் துணி காயப்போட நான் இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டினேன். ஊரார் முன்னால் என்னையே அவிழ்க்க வைத்தார். அன்றிரவு அவருக்குப் பழைய சோறுதான்.

சுதந்திரம் வந்த பிறகு முறைப்படி தேர்தல் வைத்தார்கள். இவரை எதிர்த்து நின்றவர் ஒரு பலகைக் கடை முதலாளி. காட்டை அழித்து வரிசையாகக் கடைவீடு கட்டலாம், பந்து ஆடுகிறவர்களுக்குக் கூரை போட்ட மேடை கட்டித் தரலாம் என்பது அவர் பேச்சு. மேடை என்றதும் நம் ஆட்களிலேயே நாலைந்து பேருக்கு வாயில் ஈ போவது தெரியவில்லை. இவர் தோற்றால் காடு போச்சு. அது எனக்கும் தெரியும், அந்த முதலாளிக்கும் தெரியும்.

வேட்பாளர் பெயர் கொடுக்கும் நாள் வந்தது. வட்டாரத்து வாக்காளர் ஒருவர் பண்டார் ஹிலிர் மண்டபத்துக்கு நேரில் போய், பதிவில் உள்ளபடி முழுப் பெயரைச் சொல்லி முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதே சாயங்காலம் புக்கிட் ரம்பாய் அணியோடு ஆட்டம், இவர்தான் நடுவர்.

"என்னங்க, நீங்களும் ஒரு நடை வந்துட்டா நல்லதுங்க" என்றேன்.

"நான் எதுக்கு? காஜா பெராங்ல என்னைத் தெரியாதவன் எவன் இருக்கான்?" என்று விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கை பிசகிக் கட்டுப் போட்டிருந்த எங்கள் கோல்கீப்பர் முன்மொழிய வந்தான். துணைக்கு நானும் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் சிலரும் போனோம். மண்டபத்தில் மலாய்க்கார அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலாளியின் பெயர் முதலிலேயே பதிவாகிவிட்டது. எங்கள் முறை வந்தது.

"நாமா பெனோ?" என்று முழுப் பெயரைக் கேட்டார் அதிகாரி.

கோல்கீப்பர் நெஞ்சை நிமிர்த்தி, ஊரே கூப்பிடும் பெயரைச் சொன்னான். அதிகாரி பதிவைப் புரட்டிவிட்டு இல்லையென்று தலையசைத்தார். அப்படி ஒரு ஆளே இல்லை. இவன் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தான், என் மாமனார் பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தான். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பிறப்புப் பத்திரத்தில் தாத்தா பெயர், குலசாமி பெயர் எல்லாவற்றையும் கோர்த்து எழுதி வைத்த முழ நீளப் பெயர் இன்னொன்று. சட்டத்துக்கு அதுதான் அவர். கல்யாணப் பதிவின்போது வாசிக்கக் கேட்ட எனக்கு அது மனப்பாடம். அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

ஆனால் நான் எப்படிச் சொல்வேன்? கட்டியவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. அந்தப் பெயரில் வருகிற சாமியைக்கூட நான் வேறு பெயரில்தான் கும்பிடுவேன். ஊர் கூப்பிடும் பெயரைக்கூட, ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்ல வைப்பேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எனக்கு நிஜமாகவே பயம்.

"அண்ணி, மணி ஆகுது அண்ணி! உங்களுக்குத் தெரியும்ல?" என்று கோல்கீப்பர் அழாத குறையாகக் கேட்டான்.

திரும்பிப் பார்த்தேன். முதலாளி சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துச் சாவகாசமாகத் தலை வாரிக்கொண்டிருந்தார். அந்தச் சீப்பைப் பார்த்ததும் எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! எழுந்து மேசைக்குப் போனேன். நானும் வாக்காளர்தான், நானே முன்மொழிகிறேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னேன். காற்றுதான் வந்தது.

"குவாட் சிக்கிட்!" சத்தமாகச் சொல்லச் சொன்னார் அதிகாரி.

சொன்னேன். தலையிலிருந்து வால் வரைக்கும், மண்டபக் கூரை கேட்கும்படி சொன்னேன். "அடி பாவி, புருஷன் பேரை!" என்று எங்கள் வரிசைப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி பதிவில் விரலை ஓட்டினார், நிறுத்தினார், எழுதினார். கோல்கீப்பர் வழிமொழிந்து முடிக்கவும் கதவைச் சாத்தவும் சரியாக இருந்தது. முதலாளியின் சீப்பு பாதித் தலையில் நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் என் வீரமெல்லாம் வடிந்துவிட்டது. மூன்று சக்கரத் திரிஷா வண்டிக்காரரை விரட்டிக்கொண்டு திடலுக்குப் பறந்தேன். வழியெல்லாம், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடப்பது போலவே கண்ணில் ஓடியது. போய்ப் பார்த்தால், நடுத்திடலில் விசிலை ஆட்டி ஆட்டி ஒரு புக்கிட் ரம்பாய்க்காரரோடு மல்லுக்கு நிற்கிறார். உயிரோடு, உரத்த குரலோடு, வழக்கமான வியர்வை நாற்றத்தோடு. நான் கோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். அத்தனை சந்தோஷம்.

செய்தி காஜா பெராங் முழுக்கப் பரவியது. அந்தப் பெயரை ஊரே கற்றுக்கொண்டது. ஓட்டுப் போடுவதே ஆண்கள் வேலை என்றிருந்த பெண்கள்கூட, புருஷன் பேரைச் சொன்னவளைப் பார்க்கவாவது போகலாம் என்று தேர்தல் அன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஓட்டு வரிசையில் வந்து நின்றார்கள். வந்தவர்களிடம் நான் காட்டைப் பற்றிப் பேசினேன். உங்கள் பிள்ளைகள் வெயிலில் கருகவா, நிழலில் ஆடவா என்று கேட்டேன். மேடைக்கு ஆசைப்பட்ட நாலைந்து பேரையும் அவர்கள் அம்மாக்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஜெயித்தோம். இழுபறியெல்லாம் இல்லை, அமோகமாக ஜெயித்தோம். அதிகாரி ஒலிபெருக்கியில் அந்த முழ நீளப் பெயரை வாசித்தபோது, ஆட்டக்காரர்கள் அவருக்கு முன்னால் அதைக் கத்தி முடித்துவிட்டார்கள். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பண்டார் ஹிலிரிலிருந்து திடல் வரைக்கும் வந்தார்கள். ஒரு தெம்புசு மரத்தைக்கூட எவனும் தொடவில்லை. எனக்கு மெர்டேக்கா அன்றைக்குத்தான் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு காட்டோரம் நாங்கள் இரண்டு பேரும்தான் நின்றிருந்தோம். அவர் சட்டையெல்லாம் மாலைப் பூ. என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஊரே சொல்லுது. எனக்கு முன்னால நீ ஒரு தடவை சொல்லேன்."

"காட்டுக்கு ஆயுசு வேணும்னு அன்னைக்கு உங்க பேரைச் சொன்னேன். எனக்கு உங்க ஆயுசும் வேணும். வாங்க, சோறு ஆறுது."