செருப்பு கழன்ற தேதி

“புரட்டாசி, இரண்டாம் சனி. ராசிபுரம் பேருந்து நிலையம். வலது செருப்பு திருட்டு.”

என் நாட்குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது. ஒற்றைச் செருப்பை யார் திருடுவார்கள் என்று எழுதும்போது தோன்றவில்லை. வெண்ணந்தூரில் இறங்கி, வீட்டு வாசலில் கால் கழுவக் குனிந்தபோதுதான் ஒரு கால் வெறுங்காலாக இருப்பதைக் கண்டேன். பேருந்து ஏறிய கூட்டத்தில் யாரோ எடுத்துவிட்டதாக நினைத்தேன். வழியில் தார்ச் சாலை சுட்டதும் தெரியவில்லை.

மறுவாரம், பல வருடமாக நான் செருப்பு வாங்கும் ராசிபுரம் கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்கார பாய் சிரித்தார்.

“திருடனுக்கு ஒத்தக் காலுங்களா சார்? நொண்டறவனாப் பாத்துப் புடிங்க.”

புதுச் செருப்போடு நான் நாலடி நடந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். “இதென்னங்க, தரையப் போட்டு இந்தக் குத்து குத்தறீங்க? கண்ணும் கீழயே இருக்குது. டாக்டர்கிட்டக் காட்டுங்க.”

மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. அதன்பின் என் நடையைப் பற்றி எவராவது சொன்னது அன்றுதான்.

சேலத்து நரம்பு மருத்துவரின் காத்திருப்பு அறையில் பலவித நடைகள் இருந்தன. வாதத்தில் ஒரு காலை அரைவட்டமாக வீசி நடந்தவர், நடுக்கநோயில் பொடி அடி வைத்தவர், சிறுமூளை கெட்டுக் கால்களை அகட்டித் தள்ளாடியவர். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒருவர் இருந்தார்.

“செருப்பு தெரிஞ்சு கழலுதா, தெரியாமயே கழலுதா?” என்று மருத்துவர் கேட்டார். தெரிந்தும் பிடிக்க முடியாவிட்டால் வலுக்குறைவு. தெரியாமலே போனால் உணர்ச்சிக்குறைவு. கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் சாய்ந்தேன், செவிலியர் பிடித்துக்கொண்டார்.

பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிறது. பி12 சத்து குறைந்து, எனக்கு அந்த வழி பழுதாகியிருந்தது. பல வருடச் சர்க்கரை மாத்திரையும், தனியாளாக நான் வைத்துக்கொண்ட ரசம் சோறும் காரணமாக இருக்கலாம் என்றார். செய்தி வராததால் கண் தரையைப் பார்க்கிறது, கால் ஓங்கி மிதிக்கிறது.

“ஊசி போடலாம். சில மாசந்தான் ஆச்சுன்னா நல்லாத் திரும்பும். வருசக்கணக்குன்னா சொல்ல முடியாது. எப்ப ஆரம்பிச்சது? கூட யாரு இருக்காங்க?”

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் தெரியும்: யாரும் இல்லை. நடை திரும்பாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஐந்து வருட நாட்குறிப்புகளைப் புரட்டினேன். மழை, மின்தடை, படித்து முடித்த புத்தகங்கள் எல்லாம் தேதியோடு இருந்தன. கால்கள் இல்லை. என் நடையை நான் பார்த்ததே இல்லை, எப்படி எழுதியிருப்பேன்? பார்த்தவர் ஒருவர்தான். மீண்டும் பாயிடம் போனேன்.

“நீங்களும் அம்மாவும் கடைசியா வந்தீங்களே, அப்பவே கீழ பாத்துத்தான் நடந்தீங்க. அம்மா உங்க முழங்கையப் புடிச்சிருந்தாங்க. அவங்களுக்குத்தான் முட்டிவலின்னு நெனச்சேன்.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் மனைவிதான் என்னைப் பிடித்து வந்தாள் என்றால், கவனித்திருக்கிறாள், சொல்லவில்லை.

ஆறு ஊசி ஆயிற்று. கால்விரல்களில் மரமரப்பு இன்னும் போகவில்லை. மருத்துவர் தன் சீட்டில் ‘ஆரம்பம்’ என்று போட்டுக் காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதிக் கொடுத்தேன்: மூன்று வருடத்துக்கு முன்பே இருக்கலாம். சொன்னவர் ஒருவர். சரிபார்க்க முடியவில்லை.