அம்மா அவிழ்த்துவிட்ட ஆடு

பிள்ளைகளே, விசுவாசிக்குத் தைரியம் எப்படி இருக்க வேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டதற்கு, நீங்கள் இரண்டு பேரும் வேதத்தில் சிங்கக் கெபிக்குள் போடப்பட்டவனைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கி வந்தீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நம் பக்கம் சிங்கம் கிடையாது. கல்வராயன் மலையில் கரடி உண்டு என்பார்கள், அதையும் நான் கண்டதில்லை. நான் கண்டது ஒரு வெள்ளாட்டைத்தான். அதைப் பற்றி எழுதி வைக்கிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் எழுதுவது, குறை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். இடஒதுக்கீடு கேட்டுப் பெரிய போராட்டம் நடந்த வருஷம். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு வண்டி போகவில்லை, வரவில்லை. போராடினவர்கள் ஊருக்குள் இருந்த நிலத்துக்காரர்கள். காலனியில் இருந்த நாங்கள் அவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தோம். "அவங்களும் புள்ளைங்களுக்கு ஒரு வேல கெடைக்கணும்னுதான் கேக்குறாங்க. அதுல இன்னா தப்பு?" என்று அப்பா சொல்லுவார். கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் கோபம் எங்கெங்கோ திரும்பிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயந்திரம், அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மூச்சு வாங்க ஓடி வந்தார். ஏதோ ஒரு ஊரில் காலனி வீடுகளைக் கொளுத்திவிட்டார்களாம்.

"கட்டியிருந்த மாடு கட்டுன எடத்துலயே வெந்து போச்சாம் அக்கா. அவுக்கக்கூட நேரமில்லியாம்."

அம்மா விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை ஆராதனைக்கு உபதேசியார் வரவில்லை. பஸ் இருந்தால்தானே வருவார். அப்பாதான் முன்னால் நின்று நடத்தினார். கீற்றுக் கொட்டகைதான் எங்கள் கோயில். உள்ளே மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அலுமினியக் குண்டான் இருக்கும். அதில்தான் பிடியரிசி சேரும். நீங்கள் இந்தப் பழக்கத்தைப் பார்த்ததில்லை. வீட்டில் உலையில் போட அரிசி அளந்தவுடன், கழுவுவதற்கு முன்னால் அதில் ஒரு பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று தனிக் கலயத்தில் போட வேண்டும். அரிசி கம்மியாக இருக்கிற நாளிலும் அந்தப் பிடி தவறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுக் கலயமும் கோயிலுக்கு வந்து குண்டானில் விழும். உபதேசியார் வந்து ஜெபித்து எடுத்துப் போகும் வரை அதை யாரும் தொட மாட்டார்கள்.

கர்த்தருடைய ஜெபத்தில் அன்றைய ஆகாரத்தைக் கேட்கிற இடம் வந்தது. அப்பா அங்கே நின்றுவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் மெதுவாக அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

"ரோட்டுல ஒரு பஸ் நிக்கிது," என்றார். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்னால் ஒரு மரம், பின்னால் ஒரு மரம், நடுவில் அந்தப் பஸ் மாட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் இறங்கி நடந்து போய்விட்டார்கள். தூரத்து ஆட்கள் அதிலேயே கிடந்தார்கள். முதல் நாள் ஊருக்குள்ளிருந்து யாரோ சோறு கொடுத்தார்களாம். போலீஸ் வருகிறது என்று பேச்சு கிளம்பியதும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"காலையில கண்டக்டரு நம்ம பம்புக்குத் தண்ணிக்கி வந்தாரு. கொழந்த ஒண்ணு அழுவக்கூட தெம்பில்லாம கெடக்குதாம். நம்ம இங்க சாப்பாடு குடுன்னு கேக்குறோம். அவங்களும் கேட்டுக்கினுதான் இருப்பாங்க. குண்டான் நெறைய அரிசிய வெச்சிக்கினு நம்ம இன்னா பண்றோம்?"

"மாமா, அது கர்த்தருக்குப் போட்ட அரிசி," என்றார் என் மாமா.

"அவரு வந்து ஒல வெக்கப் போறாரா மச்சான்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "அரிசி போனா போவட்டும். ரோட்டுக்கு எவனும் வரக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. மீறிப் போனா, வூடு நிக்குமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். சபையில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நான் ஒல வெக்கறேன். பயமா இருக்கறவங்க வூட்டுக்குப் போங்க. நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."

சில பேர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். சிலர் நின்றார்கள். மாமா, "இந்தக் குடும்பத்துல பொண்ணெடுத்தவனும் சரியில்ல, பொறந்தவளும் சரியில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே விறகு கொண்டுவரப் போனார்.

கஞ்சி கொதிக்கும்போது அம்மா என்னையும் என் தங்கையையும் கூட்டிக்கொண்டு உப்பு எடுக்க வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உப்பை எடுக்காமல் தகரப்பெட்டியைத் திறந்தாள். என் பள்ளிக்கூட டவுசருக்கு மேலேயே கிறிஸ்துமஸ் டவுசரை மாட்டினாள். சட்டைக்கு மேல் சட்டை. தங்கைக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாவாடை. தங்கை பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டு நின்றாள்.

"எதுக்கும்மா ரெண்டு?"

"கோயில் காரியமா போறமில்ல. நல்லாத்தான் போவணும்."

அவளும் தன் கல்யாணப் புடவையைச் சுற்றிக்கொண்டாள். கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு கஞ்சி ஊற்றப் போகிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு ஒரே குஷி.

பிறகு வெளியே வந்து, கூடையைக் கவிழ்த்து மூடியிருந்த கோழிகளைத் திறந்துவிட்டு விரட்டினாள். முளைக்குச்சியில் கட்டியிருந்த ஆட்டையும் அவிழ்த்து, கயிற்றை அதன் கழுத்திலேயே சுற்றி, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். அது சினை ஆடு. அம்மாவுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். ஊர்க்காரர் கொல்லையில் வாய் வைத்தால் அபராதம் என்று அதை ஒரு நாளும் அவிழ்த்துவிட மாட்டாள். அவசரத்தில் அம்மா தப்பாகச் செய்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் உப்போடு முன்னால் போக, நான் பின்தங்கி, ஆட்டைப் பிடித்து இழுத்துவந்து பழையபடி கட்டிவிட்டு ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டேன். பொறுப்பான பிள்ளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குண்டானை மூங்கிலில் கோத்து அப்பாவும் மாமாவும் தூக்கினார்கள். கொட்டாங்கச்சிகளை ஒரு கூடையில் போட்டு என் தலையில் வைத்தார்கள். வாய்க்கால் ஓரமாகச் சத்தமில்லாமல் போய்விடலாம் என்றார் மாமா.

"திருட்டுத்தனமா போனாதான் சந்தேகப்படுவாங்க. ரோட்டு மேலயே போவோம். பாடிக்கினே போவோம்," என்றார் அப்பா.

அப்படியே போனோம். காலையில் ஆராதனையில் பாடிய அதே பாட்டு. கொட்டகைக்குள் பாடும்போது அவ்வளவு பெரிதாக இருந்தது, வெட்டவெளியில் கொஞ்சமாகிவிட்டது. அம்மாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

சாய்ந்து கிடந்த புளியமரத்தின் மேல் வாலிபர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், அப்பா ஏர் ஓட்டுகிற நிலத்துக்காரரின் மகன். மடியில் கோடாலி.

"இன்னாடா, ஊர்கோலமா?"

"கஞ்சி தம்பி. பஸ்ஸுல இருக்கறவங்களுக்கு."

"தம்பியா? ஆண்டேன்னு கூப்புடுவியே, அது எங்க போச்சி? ஞானஸ்நானத் தண்ணியில கரைஞ்சிபோச்சா?"

மரத்தின் மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா மூங்கிலை இறக்கி, குண்டானைச் சாலையில் வைத்தார்.

"எனக்கு ஆண்டவரு ஒருத்தருதாங்க. ஒங்களத் தம்பின்னு சொன்னா கொறச்சலா?"

சிரிப்பு நின்றுவிட்டது. நிலத்துக்காரரின் மகன் மரத்திலிருந்து இறங்கி வந்தார். கோடாலியின் முனையைக் குண்டான் விளிம்பில் வைத்து லேசாக அழுத்தினார். கஞ்சி ஒரு பக்கம் சாய்ந்து விளிம்புக்கு வந்தது.

"கவுத்துட்டா இன்னா பண்ணுவ?"

"போயி மறுபடியும் ஒல வெப்போம் தம்பி."

ஒரு மணி அரிசிகூட மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும். கோயில் காரியத்தில் அப்பா பொய் சொல்கிறாரே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"ஒங்கையால எவன் குடிப்பான்?"

"குடிக்கறவங்க குடிக்கட்டும். வேணாங்கறவங்களுக்கு வேணாம்."

அப்பா இரண்டு கைகளாலும் குண்டானின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கொதி அடங்காத குண்டான். அவர் கையை எடுக்கவில்லை. கோடாலியும் எடுபடவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டார், ஜெபத்துக்கா பயத்துக்கா தெரியவில்லை. அம்மா பாட்டை நிறுத்தவே இல்லை, குரல் மட்டும் நூலாக இளைத்துவிட்டது.

அப்போது பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். கீழே கூலிவேலை முடித்து மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள். இடுப்பில் அந்தக் குழந்தை. யார் கையில் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. நேராக வந்து, கோடாலிக்கும் குண்டானுக்கும் நடுவில் தன் பித்தளை லோட்டாவை நீட்டினாள்.

"புள்ளைக்கி மொதல்ல ஊத்துங்கண்ணே. எனக்கு அப்பறம்."

அவள் நின்ற இடத்தில் கோடாலி இருக்க இடமில்லை. நிலத்துக்காரரின் மகன் ஒரு அடி பின்னால் போனார். அப்பா ஊற்றினார்.

அடுத்தது கண்டக்டர், பிறகு டிரைவர். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் டிபன் பாக்ஸைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தார். அம்மா அவருக்கு மட்டும் அடியிலிருந்து கெட்டியாக அள்ளி ஊற்றினாள்.

கடைசியில் அப்பா ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி நிலத்துக்காரரின் மகனிடமே நீட்டினார். "நீங்களும் நேத்துலர்ந்து வெறும் வயித்துல கீறீங்க."

அவர் தட்டிவிட்டார். கொட்டாங்கச்சி உருண்டு போய் மரக்கிளையில் மோதியது. அப்பா போய் எடுத்து, துண்டால் துடைத்து, என் கூடையில் போட்டார்.

"சாயந்திரம் காலனிப் பக்கம் வரேன். பேசிக்கலாம்," என்றார் அவர்.

"வாங்க தம்பி," என்றார் அப்பா.

திரும்பும்போது யாரும் பாடவில்லை. காலனி கண்ணுக்குத் தெரிந்ததும் அம்மா முதலில் கூரையைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். ஆடு முளைக்குச்சியில் கட்டினபடி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"யாருடா இதக் கட்டனது?"

"நான்தாம்மா," என்றேன் பெருமையாக.

அம்மா கல்யாணப் புடவையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டாள். அழுதாள். திட்டுகிறாளா, கொஞ்சுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு எழுந்து போய் ஆட்டை மறுபடியும் அவிழ்த்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் நிலத்துக்காரரின் மகன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நாலைந்து நாளில் மரங்களை அப்புறப்படுத்தினார்கள், பஸ்ஸும் போய்விட்டது. அப்பா அதே நிலத்தில் ஏர் ஓட்டினார், தம்பி என்றுதான் கூப்பிட்டார். உள்ளங்கையில் வெந்த தோல் உரிந்து ஆற ரொம்ப நாளாயிற்று. உபதேசியார் வந்தபோது குண்டான் காலியாக இருந்தது. அவர் காலிக் குண்டானின் மேல் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார்.

நீங்கள் இரண்டு பேரும் பிறந்த பிறகு, ஒரு நாள் டிவியில் எங்கேயோ எரிந்த குடிசைகளைக் காட்டினார்கள். சாம்பலில் ஒரு அம்மா பிள்ளைத் துணியைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு டவுசர் ஞாபகம் வந்தது. வீடு போனாலும் பிள்ளைகள் உடம்பில் மாற்றுத்துணி இருக்கட்டும், வாயில்லாத ஜீவன் ஓடிப் பிழைக்கட்டும் என்று, வீட்டை மனசுக்குள் அப்போதே எரியவிட்டுவிட்டுத்தான் அவள் பாடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எனக்கு இது எதுவும் தெரியாது. பெரியவர்கள் எல்லோரும் கொட்டகையில் கூடி, வாசல் பக்கம் பார்த்துப் பார்த்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட முடிச்சு சரியில்லாததால்தான் அம்மா அழுதாள் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல் எழுந்து போய், வேலி ஓரம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைத் தேடிப் பிடித்து வந்தேன். முளைக்குச்சியில் ஒன்றின் மேல் ஒன்றாக முடிச்சுப் போட்டு, கயிற்று நுனியைப் பல்லால் கடித்து, என் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன்.