பின்பக்க ஸ்பீக்கர்

உள்ளங்கை அளவுள்ள கறுப்பு ஸ்பீக்கர் அது. முதுகில் ஆணியில் மாட்ட ஒரு துளை. துளையைச் சுற்றி எங்கள் மதுராந்தகம் வீட்டுச் சுவரின் பச்சை பெயின்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது. போன ஞாயிறு அக்கா அதையும் அதன் ஜோடியையும் துணிப்பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தபோது, அப்பா அன்று போட்ட சத்தம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.

அக்காவுக்குக் கல்லூரி நாளிலேயே பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும். அப்படிப்பட்டவள், இருட்டுக் குகைக்குள் எதிரிகளைத் தேடிச் சுடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் தெருவில் இருந்த எல்லோரையும் மண்ணைக் கவ்வ வைத்தாள். காரணம், சத்தத்தைத் திசைவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் சவுண்டு கார்டு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு ஸ்பீக்கர். எதிரி பின்னால் நடந்தால் காலடி பின்னாலேயே கேட்கும். சொந்தக்காரர்கள் அவளைக் கையைப் பிடித்தே நடத்திக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், யார் கையும் இல்லாமல் அவள் நடந்த ஒரே இடம் அந்தக் குகைதான்.

ஒரு ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்த கையோடு கம்ப்யூட்டருக்கும் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டோம். அத்தோடு போயிற்று. எல்லாச் சத்தமும் முன்னாலிருந்தே வந்தது. பழைய விளையாட்டு சவுண்டு கார்டிடம் நேராகப் பேசும்; புதிய சிஸ்டம் நடுவில் புகுந்து அந்தப் பேச்சை வெட்டிவிட்டது. ரிப்பேர் கடைக்காரர், "கேமு பழசுமா, வேற போட்டுக்க" என்றார். அத்தை ஒரு படி மேலே போய், "கண்ணே செரியில்ல, இன்னாத்துக்கு இந்த ஆட்டம்?" என்றார்.

"கேமு பழசாவே இருக்கட்டும் அத்த, என் காது புதுசாத்தான் கீது" என்றாள் அக்கா.

இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் செய்து வைத்திருந்த சின்ன ஃபைல் கிடைத்தது. விளையாட்டு இருக்கும் ஃபோல்டரில் அதைப் போட்டால், பழைய சவுண்டு கார்டு மாதிரியே நடித்து சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும். போட்டோம். செட்டிங்கில் நான்கு ஸ்பீக்கர் என்று மாற்றினோம். அப்படியும் எதிரி முன்னாலிருந்தே வந்தான். சவுண்டு கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன், மறுபடி அழித்தேன், வெறுத்தே போயிற்று. அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, சத்தம் வந்த திசையில் போய், மானிட்டருக்கு மேலே சுவரைத் தடவினாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

பூஜையன்று அப்பா, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர் கிழக்கே பார்க்க வேண்டும் என்று மேசையை எதிர்ச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். சுவரில் அடித்திருந்த பின்பக்க ஸ்பீக்கர்களை யாரும் கழற்றவில்லை. முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டியவை மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தன. நல்ல கண் இருந்த நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மேசையைத் திருப்ப அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது முதுகுக்குப் பின்னால் வந்த மேற்குச் சுவரோ புதிதாகப் பெயின்ட் அடித்தது. "செவுத்துல ஒரு ஆணி வச்ச, அவ்ளோதான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அக்கா ஆணியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து அடித்தாள். ஒரு அடி விரலிலும் விழுந்தது. "அடிச்சிட்டேன் நைனா, இன்னா பண்ணப் போற?" என்றாள். அவர் ஒன்றும் பண்ணவில்லை.

இப்போது அக்கா மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். மிச்சமிருந்த பார்வையும் இந்த வருடம் போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கட்டும் என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அக்கா அவர்களோடு வாதாடவில்லை. ஸ்பீக்கர்களைப் பையில் போட்டுக்கொண்டு, தனியாகப் பஸ் ஏறிப் படூரில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டாள்.

வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாதென்று ஓனர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். "சுத்தி எங்க கீது?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

அடித்து முடித்து, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "செவுரு வந்தா மட்டும் சொல்லு. ஆளு வந்தா நீ வாயே தொறக்காத." என் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய விளையாட்டையும் சின்ன ஃபைலையும் ஏற்றிக் குகைக்குள் போனோம். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் இல்லை. அக்கா சட்டென்று பின்பக்கம் திரும்பிச் சுட்டாள். அங்கே ஒருவன் இருந்ததே அவன் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.