ஓடாத ஃப்ரிட்ஜ்

டாலிகஞ்சில் எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கு, கெட்டுப்போன பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்தேன். தாராள மனசு ஒன்றும் இல்லை. மூன்று மாடி இறக்கிக் கொண்டுபோக ஆள் தேட வேண்டாமே என்றுதான். அவள் அதை அலமாரியாக்கிக்கொண்டாள். ரேஷன் அரிசியை உள்ளே வைத்துச் சாத்திவிட்டால் எலி தொடுவதில்லையாம்.

அடுத்த மழைக்காலத்தில் ரேஷன் அட்டைகளைச் சரிபார்க்க ஒருவர் அவள் வீட்டுக்கு வந்தார். வசதியான குடும்பங்களை நீக்குகிறார்களாம். படிவத்தில் ‘ஃப்ரிட்ஜ் உண்டு’ என்று எழுதிக்கொண்டு போனார். அவளுக்கு அரிசி நின்றுபோனது.

“பௌதி, ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க,” என்று வங்க மொழியில் கேட்டாள். இங்கே வீட்டுக்காரியை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். “அது உங்க ஃப்ரிட்ஜ், ஓடாததுன்னு எழுதினா போதும். ரேஷன் ஆபீஸ்ல கேக்கறாங்க.”

நாலு வரி. எழுதியிருக்கலாம். கணவரிடம் கேட்டேன். அவர் மத்திய அரசு ஊழியர்.

“நமக்கெதுக்கு வம்பு? நாளைக்கு என்கொயரின்னு வந்து நின்னா?”

அவர் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தே கேட்டேன்.

மறுநாள், “அவர் வேண்டாங்கறார்,” என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஐந்து கிலோ அரிசியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதமும் வாங்கினாள். மூன்றாம் மாதம் பையைத் தொடவில்லை.

“வேணாம் பௌதி. இது நீங்க குடுத்தா உண்டு, இல்லேன்னா இல்லே. அது எங்க பேர்ல வர்ற அரிசி.”

கோபமே இல்லாமல், பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதன்பிறகு அரை நாள் லீவு கேட்டுக் கேட்டு அந்த அலுவலகத்துக்கு அலைந்தாள். ஒருமுறை, “இன்னிக்குமா?” என்று முகம் சுளித்தேன். கடைசியில், கையெழுத்துப் போடத் தெரியாத பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவளுடைய மனுவில் சாட்சியாகக் கைரேகை வைத்தார்கள். எம்.ஏ. படித்த நான் அந்தச் செய்தியை ஈரத் துணி உலர்த்திக்கொண்டே கேட்டேன். ஓர் அதிகாரி நேரில் வந்து அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். உள்ளே புடவைகளும் காலி டப்பாக்களும் இருந்தன. அவள் பெயரை மறுபடி சேர்த்தார்கள்.

அரிசி கிடைத்த அன்று சின்னப் பெட்டியில் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தாள்.

“எடுத்துக்கோங்க பௌதி.”

எடுத்துக்கொண்டேன். அவள் எதிரிலேயே தின்றேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.